கன்னமிட்டால்தான் களவா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைக் கிராமமொன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் நம் தோழி ஒருவரின் வீட்டில் சென்ற ஆவணி மாதம் களவு போயிற்று. மண்டூர்க் கந்தசுவாமி கோயில் தீர்த்தத்துக்காகக் குடும்பத்தோடு வாவியைக் கடந்து சென்றவர்கள் மறுநாட் காலை திரும்பியபோது அடுக்களைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அலுமாரியின் பூட்டு நெம்பப்பட்டிருந்தது. மகளின் திருமணத்துக்கென வங்கி அடகிலிருந்து மீட்டு வைத்திருந்த நகைகள் இல்லை. அந்த அடுக்களைக் கதவு பலகைக் கதவு. உட்புறம் ஒரு கொண்டி. பலகைகளுக்கிடையே விரற்கடை அளவு இடைவெளி. அதனூடே கம்பியொன்றை நுழைத்துக் கொண்டியைத் தூக்கியிருக்கிறான் திருடன். கம்பி முற்றத்திலேயே கிடந்தது. பொலிசார் அதனை எடுத்துச் சென்று, வீடுடைத்துத் திருடியதாக முறைப்பாட்டைப் பதிவு செய்தனர்.

ஏழு வருடங்களாக ஒரு தவணையும் தவறாது கட்டுப்பணம் செலுத்தப்பட்ட காப்புறுதி அந்த வீட்டுக்கு உண்டு. களவுபோன நகைகள் யாவும் பத்திரத்தின் அட்டவணையில் பெயர் கூறிக் குறிக்கப்பட்டவை. ஆயினும் கம்பனி மறுத்துவிட்டது. கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. பெயரை மாற்றினாலும் கடிதம் மாறாது. ஆங்கிலத்தில் வந்த அந்த ஒரு பக்கக் கடிதம் மூன்று காரணங்களைக் கூறுகிறது. வீட்டினுள் பலாத்காரமாகவும் வன்முறையாகவும் நுழைந்ததற்கான அடையாளம் இல்லையாம். அடுக்களைக் கதவின் தன்மை விண்ணப்பத்தில் தெரிவிக்கப்படவில்லையாம். களவு நடந்து ஆறாம் நாளே தமக்கு அறிவிக்கப்பட்டதாம். அக்கடிதத்தில் வருத்தம் இரண்டிடங்களில் தெரிவிக்கப்பட்டிருந்தது. பணம் ஓரிடத்திலும் இல்லை.

நகை வைத்திருப்போரின் துயரம் நமக்கெதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அந்த நகைகள் பதினெட்டு வருடச் சம்பளத்தின் மீதி. படுவான்கரையிலே வெள்ளத்தில் வேளாண்மையை இழந்து பயிர்க் காப்புறுதிக்காக அலையும் கமக்காரன் எதிர்கொள்வதும் இதே வகைச் சொற்சிலம்பத்தையே. உழைப்பில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஆபத்து வந்தபின் அகராதியைப் புரட்டும் முறை எங்கே நிகழ்ந்தாலும் அது நம் விடயமே.

முதற் காரணத்தை எடுத்துக்கொள்வோம். ‘பலாத்காரமும் வன்முறையும் கொண்ட பிரவேசம்’ என்ற இச்சொற்றொடர் எங்கிருந்து வந்தது? 1899இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. கடையொன்றின் முன்கதவு சாத்தியிருந்தது, பூட்டப்படவில்லை. திருடன் கைப்பிடியைத் திருகி உள்ளே நுழைந்து, பூட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்துப் பொருள்களைக் கவர்ந்தான். உடைத்தது உள்ளேயிருந்த பெட்டியை, நுழைந்ததோ வன்முறையின்றி என்று கூறி, காப்புறுதிக்காரர் பக்கமே நீதிமன்றம் தீர்த்தது. இலங்கையிலே வர்த்தக விடயங்களுக்கு ஆங்கிலச் சட்டமே ஏற்புடையது என 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளை விதித்தது. காப்புறுதியும் அதனுள் அடங்கும். எனவே இங்கிலாந்தின் கடைக்கதவொன்றின் கைப்பிடி, நூற்றிருபது வருடங்களுக்கு மேலாகியும், வாவிக்கரை அடுக்களையின் கொண்டியை அளக்கும் கோலாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கோலையாவது நேர்மையாகப் பிடித்தார்களா? இல்லை. கருவியொன்றால் பூட்டைத் திறப்பதும் தாழைத் தள்ளுவதும் வன்முறைப் பிரவேசமே என்ற கருத்தும் அதே 1899ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உண்டு. கைப்பிடியைத் திருகுவது வேறு. மூடித் தாழிட்டதைக் கருவிகொண்டு திறப்பது வேறு. நம் ஆசிரியையின் வீட்டிலே கதவு தாழிடப்பட்டிருந்தது. கம்பி கருவியன்றி வேறென்ன? பலகை சிதறவில்லை என்பது திருடனின் கைத்திறனுக்குச் சான்றாகலாம். காப்புறுதி செய்தவரின் குற்றத்துக்குச் சான்றாகுமா?

இன்னொரு நூலையும் இங்கே திறந்து வைப்பது நன்று. மெக்காலேயின் வரைவிலிருந்து பிறந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை, வீடுடைத்தல் என்பது யாது என விளக்குமிடத்தில் உதாரணங்கள் சில தருகிறது. சுவரிலே துளையிட்டுக் கையை நுழைப்பது ஒன்று. சாளரத்தின் வழியாக நுழைவது ஒன்று. கதவிலுள்ள துளையூடே கம்பியை விட்டுக் கொண்டியைத் தூக்கி நுழைவதும் ஒன்று. நம் தோழியின் அடுக்களையைப் பார்த்து எழுதியது போலல்லவா இருக்கிறது! 1883இல் இயற்றப்பட்ட இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை வீடுடைப்பை வரையறுப்பதும் இந்தியக் கோவையைத் தழுவியே. ஆகவே, திருடன் பிடிபட்டால் வீடுடைத்தவன் என்று அவனை நீதவான் முன் நிறுத்தலாம், சிறைக்கும் அனுப்பலாம். அதே இரவு, அதே கதவு, அதே கம்பி. கம்பனியின் கணக்கில் மட்டும் வீடு உடைபடவேயில்லை.

இச்சொற்றொடரால் ஏமாந்தவர்கள் நம் கரையில் மாத்திரம் இல்லை. ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வர்த்தகர்களுக்கும் யுனைட்டெட் இந்தியா காப்பீட்டுக் கம்பனிக்கும் இடையிலான வழக்கில் 2004 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் இதே வாசகம். அங்கும் வன்முறைக்கு அடையாளமில்லை. பத்திரத்தில் எழுதியுள்ளதற்கு ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ தமக்கு அதிகாரமில்லை என்று கூறி நீதிபதிகள் கம்பனிக்குச் சார்பாகவே தீர்த்தனர். ஆயின் தீர்ப்பை முடிக்குமுன் அவர்கள் கூறியதைக் கம்பனிகளின் சட்டத்தரணிகள் எடுத்துக் காட்டுவதில்லை. சாதாரண மனிதன் தான் களவுக்கெதிராகக் காப்புறுதி செய்ததாகவே எண்ணுகிறான், களவுக்கு முன் வன்முறை நிகழ வேண்டுமென்பது அவனுக்கு எங்ஙனம் விளங்கும், ஆகவே வாழ்க்கையின் உண்மைக்கு நெருக்கமாக இவ்வரையறையைக் கம்பனிகள் திருத்தி எழுதவேண்டும் என்ற கருத்துப்பட அவர்கள் எழுதினார்கள். சட்டத்தை வளைக்க மறுத்த நீதிமன்றமே வாசகம் அநியாயமானது என்று ஒப்புக்கொண்டதை விடப் பெரிய சாட்சியம் வேறு வேண்டுமா?

வாழ்க்கையின் உண்மை என்றார்கள். நம் பகுதியின் வீடுகளைச் சற்றுப் பார்ப்போம். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் வாவியின் குளிர்ச்சி ஒரு துளியேனும் உள்ளே வரட்டுமென்று சாளரங்களைத் திறந்து வைத்தே மக்கள் உறங்குகின்றனர். அடுக்களை பல வீடுகளில் தனிக் கொட்டில். அல்லது பின்னர் ஒட்டிக் கட்டிய ஒரு பத்தி. வேலி கிடுகாலானது, அயல்வீட்டுப் பிள்ளை புகுந்துவர ஒரு கண்டாயம் அதில் எப்போதும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. 2004 டிசெம்பர் 26இல் கடல் புகுந்தது. இவற்றுக்கிடையே யுத்தம் எத்தனையோ வீடுகளை வெறுஞ்சுவராக்கியது. மூன்று தடவை இடிந்து மூன்று தடவை எழுந்த வீட்டில் முன்வாசலுக்கு முதிரைக் கதவும் பின்வாசலுக்குப் பொறுக்கிய பலகையும் இருப்பதில் வியப்பென்ன? அந்தப் பலகைக் கதவைத் திறக்க வன்முறை தேவைப்படாது. ஏழையின் கதவு எளிதில் திறக்கும் என்பதனாலேயே அவனது இழப்புக்கு ஈடில்லை என்றால், இரும்புக் கதவுடையோரின் இழப்புக்கு மாத்திரமே இந்தக் காப்புறுதி என்றாகிறது. அப்படியாயின் கட்டுப்பணம் வாங்குமுன்னரே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அதைத்தான் நாங்கள் கேட்கவேண்டும், நீங்களல்லவா சொல்லவில்லை என்கிறது இரண்டாவது காரணம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர் யார்? கம்பனியின் முகவர். அந்த அடுக்களைத் திண்ணையிலிருந்து தேநீர் அருந்திக்கொண்டே நிரப்பினார். “மிச்சத்தையெல்லாம் நான் எழுதிக்கொள்ளுறன், கையெழுத்தை மட்டும் வைங்க ரீச்சர்” என்று கூறிய அவரது முதுகு சாய்ந்திருந்ததும் அந்தக் கதவிலேதான். (பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அங்கே குடியிருத்தும் வழக்கமுள்ள இப்பகுதியில், வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் முதலில் கணவரின் பெயரை எழுதி, பின்னர் வெட்டித் திருத்தியவரும் அவரே. பிரதேசத்தை அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு இது போதும்.)

காப்புறுதியில் ‘உச்ச நல்லெண்ணம்’ வேண்டும், ஒன்றையும் மறைக்கலாகாது என்ற கோட்பாட்டையே கம்பனிகள் வேதமாக ஓதுகின்றன. அதன் பிறப்பை அவர்கள் மறந்துவிட்டனர். சுமாத்திராவில் பென்கூலன் என்னுமிடத்திலிருந்த மார்ல்பரோக் கோட்டையின் ஆளுநர் கார்ட்டர் என்பவர், அந்நியர் கோட்டையைப் பிடித்தால் ஈடு தரவேண்டுமென இலண்டனில் காப்புறுதி செய்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டை பலவீனமானதென்பதை நீ சொல்லவில்லையே என்று காப்புறுதி செய்த போம் என்பவர் மறுத்தார். 1766இல் பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் நல்லெண்ணக் கோட்பாட்டை விளக்கித் தீர்ப்பளித்தது கார்ட்டர் பக்கம்! நல்லெண்ணம் இரு பகுதியாரையும் கட்டுப்படுத்தும். காப்புறுதி தருபவன் தானாகவே அறிந்திருந்ததையும் அறிந்திருக்க வேண்டியதையும் பின்னர் குறைகூற முடியாது. குடியேற்ற ஆட்சியின் கோட்டைக்குக் கிடைத்த நியாயம் எழுவான்கரை அடுக்களைக்குக் கிடைக்கலாகாதா? இங்கிலாந்திலோ 2012இல் இயற்றிய சட்டத்தால், தனிமனிதர் தம் வீட்டுக்கும் உடைமைக்கும் செய்யும் காப்புறுதிகளில் தாமே முன்வந்து எல்லாவற்றையும் ஒப்புவிக்கும் கடமையை நீக்கிவிட்டனர். கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் விடை கூறினாற் போதும். 1852ஆம் ஆண்டுக் கட்டளை, அவ்வக் காலத்தில் இங்கிலாந்தில் நிலவும் சட்டத்தையே குறிப்பிடுவதால், இப்புதிய சலுகையும் நமக்குரியதென வாதிட இடமுண்டு. பழைய சட்டத்தின் முள் மட்டும் நமக்கு, நிழல் அவர்களுக்கா?

மூன்றாவது காரணம் அதிக விவாதத்துக்குத் தகுதியுடையதன்று. பொலிசுக்கு அன்று காலையே அறிவித்தாயிற்று. வாகனக் களவு வழக்கொன்றில், பொலிசுக்கு உடனே அறிவித்திருக்கும்போது கம்பனிக்கு அறிவிப்பதில் நேர்ந்த தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுத்தலாகாது என 2020இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்த்தது. அத்தீர்ப்பு இங்கு கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நியாயம் வாவியைக் கடக்கவியலாததன்று.

பொய்க் கோரிக்கைகளும் வருகின்றனவே என்பார்கள். வருகின்றன. அவற்றைச் செலுத்தினால் நாணயமானவர்களின் கட்டுப்பணமே உயரும் என்பதும் உண்மை. பொய்யைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நட்ட மதிப்பீட்டாளருடையது, சந்தேகமிருந்தால் விசாரிக்கட்டும். இங்கே கம்பனி களவு நடக்கவில்லை என்று கூறவேயில்லை. நடந்த களவு தங்களுக்குப் பிடித்தமான முறையில் நடக்கவில்லை என்கிறது.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும். 1962இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொடங்கி, 1964இல் பொதுக் காப்புறுதியும் அரசின் ஏகபோகமானபோது முற்போக்காளர் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது சரியே. ஆனால் உடைமை மாறினால் வாசகமும் தானே மாறும் என்று வாளாவிருந்துவிட்டோம். ஆங்கிலச் சட்டம் அப்படியே நின்றது. எண்பதுகளின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகள் மீண்டும் வந்தன. 2003இல் கூட்டுத்தாபனமே தனியாருக்கு விற்கப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாதாக்கி அரசுக்கு மீட்டளித்தது. இத்தனை கைமாறலிலும் அடுக்களைக் கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

மறுப்புக் கடிதத்தைக் கண்டதும் தோழி அதைத் தீர்ப்பென்றே நினைத்து மடித்து வைத்துவிட்டார். கடிதம் எழுதியது எதிர்க்கட்சிக்காரன், நீதிபதியல்லன் என்பதை விளக்கவே நமக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. பின்னர் தமிழிலேயே பதில் எழுதினோம். எந்த வாசகத்தின் கீழ் மறுத்தீர்கள், அதன் முழுப் பிரதி எங்கே, மதிப்பீட்டாளரின் அறிக்கை எங்கே, முகவர் கதவைப் பார்த்தாரா இல்லையா என்று கேட்டோம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கம்பி கிடந்த இடத்தின் படம், வங்கியின் அடகுச் சீட்டுகள் யாவும் இணைத்தோம். கம்பனி மீண்டும் மறுத்தால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் செல்வதற்கான முறைப்பாடுகளையும் அன்றே எழுதி முடித்தோம்.

இச்செய்தி எப்படியோ வாவியைக் கடந்திருக்கிறது. சென்ற ஞாயிறன்று படுவான்கரையிலிருந்து ஒரு முதியவர் நம்மைத் தேடி வந்தார். மூன்று வருடங்களுக்கு முன் அவர் வீட்டில் ஓடு பிரித்து இறங்கியிருக்கிறார்கள். அவர் மடியிலிருந்து எடுத்த கடிதத்திலும் அதே ஆங்கில வாசகம், அதே இரண்டு வருத்தங்கள்.