குடித்ததால் வந்த கோளாறா?

சென்ற வாரம் எங்களூரில் நிகழ்ந்த ஒரு திருமணத்தில், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் வலம் வந்துகொண்டிருந்த வேளை, பழைய வழக்கொன்று என் முன்னிலையில் விசாரணைக்கு வந்தது. வாதி மணமகளின் தாயார். பிரதிவாதி அவருடைய சொந்தத் தமையனார். வழக்குக்குக் காரணராகிய இளைஞரோ தங்கையின் மணத்துக்கென அமெரிக்காவிலிருந்து வந்து, புன்னகையோடு எங்களருகே அமர்ந்திருந்தார்.

வழக்கு இதுதான். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்விளைஞர் மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல ஆயத்தமானார். விமானமேறுவோர் கோவிட் தொற்று இல்லையென்று காட்டும் சான்றிதழோடு வரவேண்டுமென்பது அந்நாட்டில் 2021 ஜனவரி 26 முதல் விதியாக இருந்தது. 2021 டிசம்பர் 6 முதல், புறப்படுவதற்கு ஒரு நாளுக்குள் அச்சோதனையைச் செய்யவேண்டுமென விதி மேலும் இறுகியது. இளைஞருக்கு வியாழக்கிழமை விமானம், புதன்கிழமை பி.சி.ஆர். சோதனை. அதற்கு முந்திய சனிக்கிழமை இரவு வீட்டில் பிரியாவிடை விருந்து. அம்மானார் போத்தலைத் திறந்து மருமகனுக்கும் சிறிது வார்த்தார். புதன் மாலை வந்த முடிவு, ‘தொற்று உண்டு’ என்பது. பயணம் நின்றது.

“அண்ணை வார்த்துக் கொடுத்த சாராயந்தான் சோதனையைப் பிழையாக்கினது” என்றார் தாயார். “நான் சொன்னபடி அன்று காலை சாராயத்தால் வாய் கொப்பளித்துவிட்டுப் போயிருந்தால் கிருமி செத்திருக்கும், சோதனையும் சரிவந்திருக்கும்” என்றார் தமையனார். அன்றுதொட்டு இருவருக்குமிடையே பேச்சுவார்த்தை சுருங்கிவிட்டது. “மாஸ்ரர், நீர் இரசாயனம் படிப்பிக்கிறவர். ஆர் சொல்வது சரி?” என்று என்னைக் கேட்டார் தமையனார்.

நேயர்களே, இரசாயனத்தின் முன் இருவர் கூற்றும் நில்லா.

பி.சி.ஆர். சோதனை தேடுவது கிருமியின் மரபுப்பொருளாகிய ஆர்.என்.ஏ.யை. மூக்கினுள்ளிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில் அது இருக்குமாயின், முதலில் அதனை டி.என்.ஏ. வடிவுக்கு மாற்றி, பின்னர் சுற்றுச் சுற்றாகப் படியெடுப்பர். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்குமெனக் கொண்டால், 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். 1983இல் இம்முறையைக் கண்ட கரி முல்லிஸ் என்பார்க்கு 1993இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. குருதியிலே கலந்த சாராயம் இல்லாத ஆர்.என்.ஏ.யை உண்டாக்காது. ஆகவே தாயாரின் கூற்றுப் பிழை.

இனி, தமையனாரின் வைத்தியத்தைப் பார்ப்போம். கைகழுவும் திரவத்தில் அற்ககோல் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்பர். வாகனம் ஓட்டுவோர்க்கு நம் நாட்டுச் சட்டம் விதித்த எல்லையோ 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம்; நூற்றுக்கு ஒரு பங்கில் பத்திலொன்றுகூட இல்லை. அது எந்தக் கிருமியைக் கொல்லும்? வாய் கொப்பளித்தாலும், கலங்களுக்குள்ளே பெருகுகின்ற கிருமியை அது சென்றடையாது. அன்றியும், செத்த கிருமியின் துண்டுகளையுங்கூட பி.சி.ஆர். காட்டிக்கொடுத்துவிடும். நோய் மாறிய பின்னரும் சிலருக்கு வாரக்கணக்கில் ‘தொற்று உண்டு’ என முடிவு வந்தது இதனாலேயாம்.

மது கிருமியைக் கொல்லுமென்னும் வதந்தியை நம்பி 2020இல் ஈரானில் நச்சு மெதனோல் கலந்த பானத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அறியாமைக்கு இதனினும் பெரிய விலை வேண்டுமோ?

எனினும் பானங்களுக்கும் சோதனைக்கும் தொடர்பே இல்லையென்று சொல்லிவிடவும் கூடாது. உமிழ்நீர் கொண்டு செய்யும் சோதனைக்கு முன் 30 நிமிடமேனும் உண்ணல், பருகல், புகைத்தல் ஆகா என்பது பொதுவிதி. வாயிலுள்ளவை மாதிரியைக் கெடுக்கும். வீட்டில் செய்யும் அன்டிஜன் சோதனையிலும் உடன் தரப்படும் கரைசலை விடுத்து வேறெதையும் இடலாகாது. 2020 டிசம்பரில் ஒஸ்திரிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் சோதனைப் பட்டையில் கோலா பானத்தை விட்டு, ‘தொற்று உண்டு’ என்னும் கோட்டை எழச்செய்து, சோதனையே பயனற்றதென வாதித்தார். உண்மையில் அப்பானத்தின் அமிலத்தன்மையால், பட்டையிலுள்ள பிறபொருளெதிரிகள் தம் இயல்பிழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அமிலத்தைத் தடுத்துச் சமன்செய்வதற்கே அக்கரைசல் தரப்படுகிறது.

இவ்வளவும் சொல்லி, “அப்படியானால் சாராயம் நிரபராதியோ?” என்று தமையனார் முகமலரக் கேட்டபோது, “இல்லை” என்றேன். மார்கழிப் பனிக்கு அஞ்சிச் சாளரங்களை மூடிய அறையில், நாற்பதுபேர் நள்ளிரவுவரை கூடியிருந்தனர். முகக்கவசங்கள் சட்டைப்பைக்குள் உறங்கின. குவளை நிறைய நிறையக் குரல் உயர்ந்தது, இடைவெளி குறைந்தது. அக்காலத்திற் பரவிய ஒமிக்ரோன் வகை தொற்றி ஏறத்தாழ மூன்று நாளில் வெளிப்படுவது. சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் கணக்கு ஒத்துவருகிறதல்லவா? மது சோதனையைக் கெடுக்கவில்லை, எச்சரிக்கையைக் கெடுத்தது. சோதனை உள்ளதையே உரைத்தது.

இதுவரை வாய் திறவாதிருந்த இளைஞர் அப்பொழுது சொன்னார்: “சேர், அந்த முடிவு வந்தபடியால்தான் வீட்டிலே எல்லாரையும் சோதித்தோம். அம்மம்மாவுக்கும் தொற்று. ‘களைப்பு ஒன்றுமில்லை’ என்றார். ஆனால் விரலில் மாட்டிப் பார்த்தபோது ஒட்சிசன் குறைந்திருந்தது. அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.”

அந்த அம்மையார் எண்பது கடந்தவர். அன்று காலை மணவறைக்கு முன்வரிசையில் அமர்ந்து, பேத்திக்கு அறுகரிசி இட்டு வாழ்த்தியதை நாங்கள் எல்லோரும் கண்டிருந்தோம். தமையனாரின் தந்திரம் பலித்திருக்குமாயின் மருமகன் மறுநாளே பறந்திருப்பார். வீட்டில் எவரையும் எவரும் சோதித்திருக்கமாட்டார். உடன் பயணஞ் செய்தோர் எத்தனைபேர் நோயை வாங்கியிருப்பரோ? பெற்ற தாய்க்கே அல்லவா அத்தந்திரம் யமனாக முடிந்திருக்கும்! தமையனார் தலை குனிந்தார்.

இளைஞரின் பயணமும் பாழாகவில்லை. நோய் மாறியவர்கள், 90 நாளுக்குட்பட்ட ‘தொற்று உண்டு’ என்னும் முடிவையும் வைத்தியரின் கடிதத்தையும் காட்டிச் செல்ல அவ்விதி இடமளித்தது. வீட்டார் சபித்த அதே தாளைக் காட்டியே அவர் விமானம் ஏறினார். அமெரிக்காவின் அவ்விதியும் 2022 ஜூன் 12இல் நீங்கிற்று.

விதி நீங்கினாலும் பாடம் நீங்குவதில்லை. சோதனையை ஏமாற்ற வழி தேடுபவன் அதிகாரியை அன்று, தன் வீட்டாரையே ஏமாற்றுகிறான். பிரயாணம் போகும் பிள்ளைக்கு விருந்து வையுங்கள். சாளரத்தைத் திறந்து வையுங்கள். போத்தலை மூடி வையுங்கள்.

நான் விடைபெற எழுந்தபோது, தாயார் வெற்றிலைத் தட்டத்தை எடுத்து, என்னைத் தாண்டி, தமையனாரிடம் நீட்டினார்.