ஆறுமணிக்குருவி ஊருக்குப் புறப்படுகிறது

குற்றாலத்துக்கு ஒரே ஒரு பருவந்தான் உண்டு என்று நம்மவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். ஆனி, ஆடியில் சாரல் விழ வேண்டும். பேரருவியில் தலையைக் கொடுக்க வேண்டும். வயிறு நிறையப் பிரானூர் பரோட்டா, திரும்பும்போது ஒரு பை ரம்புட்டான். அவ்வளவோடு குற்றாலம் முடிந்தது. மாசி, பங்குனியில் அருவிகள் நூலாய் இளைத்துவிடும். "இப்போது அங்கே போய் என்ன பார்ப்பது?" என்று கேட்பார்கள்.

பறவைகளைப் பார்க்கலாம். அவை ஊருக்குப் புறப்படும் காலம் அது.

இங்கிலீஷ்காரர் இதை வசந்தகால வலசை என்பர். நமக்கு அது வெயில் ஏறத் தொடங்கும் காலம். வடக்கே பனி உருகுகிறது; அங்கே முட்டையிடுவதற்காக, குளிர்காலத்தை இங்கே கழித்த பறவைகள் மூட்டை கட்டுகின்றன. அருவிக்கரைப் பாறையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிக் குருவி இமயமலைப் பக்கம் போகிறது. தந்திக் கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலான் குருவிகளுக்கும் அதுதான் திசை. ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையுமாகக் கூட்டங் கூட்டமாய் வயலில் இறங்கும் சூறைக்குருவி, மத்திய ஆசியாவுக்கே போகிறது. அங்கே வெட்டுக்கிளியைத் தின்று தீர்ப்பது அதன் வேலை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், பூச்சிமருந்துக்குப் பதிலாக இந்தக் குருவிக்கே கூடு கட்டிக்கொடுத்து வரவேற்கிறார்கள்!

இவற்றுள் நம் ஊருக்கு மிக நெருங்கிய உறவு ஆறுமணிக்குருவிதான். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் தமிழர் வைத்த பெயர் அது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு என்று வண்ணப்பெட்டியைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். ஆனாலும் சருகுக்குள் குதித்துக் குதித்துப் பூச்சி பொறுக்குவதால் எளிதில் கண்ணில் படாது. புரட்டாசி, ஐப்பசியில் வரும். சித்திரைக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் அதற்குக் குடும்பம். இரவில் பறந்து களைத்து, விடியற்காலையில் யார் வீட்டுத் திண்ணையிலாவது அது விழுந்து கிடப்பதுமுண்டு.

இந்த உறவு புதியதல்ல. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடியபோது, திருக்குற்றாலநாதர் கோயில் வயல்களில் பறவைகள் வந்து இறங்குவதை ஒரு காட்சியாகவே வைத்தார். சிங்கன் அங்கே கண்ணி வைக்க வருகிறான். இன்று கண்ணி வைத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவனைப் பிடிக்கும், அது கிடக்கட்டும். அன்றைய கவிராயருக்குத் தெரிந்த பறவைப் பெயர்களில் பத்தையாவது இன்று தென்காசிப் பள்ளிப் பிள்ளை ஒன்று சொல்லுமா?

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் அழைத்துப் போய்க் காட்டினார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குமுன் அப்பா, அம்மா, பிள்ளைகள், கூடவே ஆச்சி எல்லாரும் குளத்தங்கரைக்குப் போகட்டும். தூக்குச்சட்டியில் புளியோதரை போதும். ஆச்சியை அவசியம் அழைத்துப்போக வேண்டும். உள்ளான், நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர் அநேகமாக வீட்டில் அவர் ஒருவர்தான். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கரைமேல் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் கண்ணே போதும்.

"பங்குனியில் பரீட்சை இருக்கிறதே!" என்று அம்மாமார் பதறுவார்கள். நியாயம்தான். ஆனால் பறவைகள் வெயிலுக்குமுன் காட்சி தந்துவிடும். ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடலாம். புத்தகம் எங்கும் ஓடிவிடாது.

இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ண வேண்டாம். தென்காசி வட்டாரக் குளங்கள் பல, சிற்றாற்றுக் கால்வாய்களால் நிரம்புபவை. பங்குனியில் நீர் வற்றிச் சேறு தெரியும். பார்ப்பவர்கள் "குளம் செத்துவிட்டது" என்பார்கள். உடனே ஒரு வண்டி குப்பை வந்து விழும். அடுத்தது கட்டட இடிபாடு. சில ஆண்டில் கரையோரம் மனைக்கல் நட்டுவிடுவார்கள். அந்தச் சேறுதான் உள்ளான்களின் பந்தி! நெடும் பயணத்துக்குமுன் அவை புழு பூச்சிகளைத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும் இனங்களும் உண்டு. அந்தப் பந்தியில் மண்ணைக் கொட்டினால், வழிப்போக்கன் இலையிலிருந்து சோற்றைப் பிடுங்கியதற்குச் சமம். கரையில் உட்கார்ந்து ஒரு காலை அதைப் பார்த்த பிள்ளை, நாளைக்குக் குப்பை வண்டி வந்தால் கேள்வி கேட்கும். பார்க்காத பிள்ளை எதைக் கேட்கும்?

அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் இருக்கிறார்கள். அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும். விழுந்த குஞ்சை ஊரார் எடுத்து வளர்ப்பார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அங்கே வந்து தங்கும். 1994இல் சர்க்கார் அதைச் சரணாலயமாக்கிற்று. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சட்டமும் பட்டியலும் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் காவல் காத்துக்கொண்டிருந்தது.

தென்காசிக்கும் வழி இல்லாமலில்லை. 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் தை மாதத்தை ஒட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. அதில் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொள்கிறார்கள். தையில் எண்ணிய பறவைகளைப் பங்குனியில் வழியனுப்பப் போகலாம். ஆறுமணிக்குருவியைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் குற்றாலத்துப் பழத்தோட்டங்களின் ஓரமாக மாலை ஐந்தரைக்கே போய் நின்றுகொள்வது நல்லது. ரேடியோவை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.