600 ரூபாய் ட்யூபா, 14,600 ரூபாய் எஸ்டிமேட்டா? இன்ஜின் மவுண்டிங்ல நான் போட்ட தப்புக் கணக்கு

சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுறவன் இன்னைக்கு கார் ரிப்பேர் பத்தி எழுதறேன். காரணம், போன வாரம் ஒரு விஷயத்துல நான் கொடுத்த ஐடியா சொதப்பிடுச்சு.

என் சித்தப்பா பையன் சிறுசேரியில வேலை பார்க்கறான். 2014 மாடல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, லோன் முடிஞ்சாச்சு. ஒருநாள் போன் பண்ணி, "அண்ணா, சிக்னல்ல ஏசி போட்டு நின்னா ஸ்டீயரிங் அதிருது. இன்ஜின் போச்சு போல. வித்துட்டு புதுசு எடுத்துடவா?"ன்னு கேட்டான்.

முதல்ல இந்தக் கேள்விக்குக் கணக்கு. 8 லட்சம் லோன், 9.5% வட்டி, 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,075 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2.98 லட்சம். "கார் அதிருது"ங்கற ஒரே காரணத்துக்காக இவ்வளவு! அதனால முதல்ல செக் பண்ணுடான்னு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். இன்ஜின்ல ஒண்ணும் இல்லை, மவுண்டிங் மூணும் மாத்தணும், 14,600 ஆகும்னு எஸ்டிமேட் கொடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே ஒரு வீடியோ பார்த்துட்டு, "அண்ணா, கண்ணாடி ஒட்டற பாலியூரித்தேன் ட்யூபை மவுண்டிங் ரப்பர்ல அடைச்சா போதுமாம், 600 ரூபாய்"னு அனுப்பினான். 14,000 மிச்சம்னு எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஓகே சொன்னேன்.

மவுண்டிங்னா இன்ஜினையும் பாடியையும் இணைக்கற ரப்பர் வெச்ச இரும்பு பிராக்கெட். ரப்பர் நடுவுல கம்பெனியே வேணும்னு இடைவெளி விட்டிருப்பாங்க. இன்ஜின் ஆடுற ஆட்டத்தை உள்ளேயே விழுங்கத்தான் அந்த இடைவெளி. ரப்பர் வருஷக்கணக்கா சூட்டுல வெந்து தளர்ந்துட்டா, கியர் போடும்போது இன்ஜின் முன்னும் பின்னும் தூக்கிப் போடும். அந்த இடைவெளியில பாலியூரித்தேனை அடைச்சா தூக்கிப் போடறது குறையும். ஆனா விழுங்கறதுக்கு இருந்த இடமும் போயிடும். மிச்ச அதிர்வு நேரா சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் வரும். ரேஸ் ஓட்டறவங்க இதைத் தெரிஞ்சேதான் பண்றாங்க. அவங்க அதுல அம்மாவை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதில்லை.

ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தோம். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரும் வந்தார். பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதிச்சபடி ஃபர்ஸ்ட் கியர்லயும் ரிவர்ஸ்லயும் கிளட்சை லேசா விட்டுப் பார்க்கச் சொன்னார். நாங்க ஓரமா நின்னுதான் பார்த்தோம், காருக்கு முன்னாடியோ பின்னாடியோ யாரும் நிக்கக் கூடாது. வலது பக்க மவுண்டிங்கும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கீழ இருக்கற டார்க் மவுண்டிங் ஒண்ணுதான் தளர்ந்திருந்தது. அது இன்ஜின் எடையைத் தாங்காது, ஆட்டத்தை மட்டும்தான் பிடிக்கும். அதனால கழட்டறதும் சுலபம்.

பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சு, கிளவுஸ் மாட்டிக்கிட்டு, மொட்டை மாடியில காத்தாட வெச்சு அடைச்சோம். இதுல இருக்கற ஐசோசயனேட் மூச்சுக்கு நல்லதில்லை, ரூமை மூடிட்டு பண்ணாதீங்க. இங்கதான் எங்களுக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம். இந்த ட்யூப் வகை காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். வெளியிலிருந்து உள்ளே நாளைக்கு 3, 4 மி.மீ., போகப் போக அதுவும் குறையும். மேல தொட்டா கல்லு மாதிரி, உள்ளே பேஸ்ட். ரெண்டு பாட்டிலைக் கலந்து ஊத்தற வகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நாங்க அதை வாங்கலை. 9 நாள் கார் ஷெட்ல நின்னுச்சு.

இப்ப செலவைப் பாருங்க. ட்யூப் 600, அதை அழுத்தற கன் 250, பிரேக் கிளீனர் 350, 9 நாள் ஆட்டோவுக்கும் பைக் டாக்ஸிக்கும் 2,800. மொத்தம் 4,000. அவனோட ஞாயித்துக்கிழமை உழைப்பை நான் சேர்க்கலை. "உன் ஒரு மணி நேர சம்பளம் எவ்வளவு"ன்னு பெருக்கிக் காட்டறது எனக்குப் பிடிக்காது, ஞாயித்துக்கிழமை யாரும் நமக்கு சம்பளம் தர்றதில்லை.

மாட்டி ஓட்டினா, கியர் போடும்போது வந்த தூக்கல் நின்னுச்சு. ஆனா சிக்னல்ல முன்னாடியை விட மோசம், டேஷ்போர்டே கிடுகிடுங்குது. சித்தி முன் சீட்டுல உட்கார மாட்டேன்னுட்டாங்க. பதினைஞ்சு நாள்கூட தாங்கலை. அப்புறம்தான் நாங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: அந்த ஒரு மவுண்டிங் மட்டும் புதுசு எவ்வளவு? பார்ட் 1,800, லேபர் 600. ஒரு மணி நேர வேலை.

2,400-ல முடிய வேண்டியதுக்கு 6,400. நான் 600-ஐ 14,600-ஓட ஒப்பிட்டேன், அதுதான் தப்பு. ஒரு மவுண்டிங் செலவை மூணு மவுண்டிங் செலவோட வெச்சுப் பார்த்தா எதுவும் சீப்பாத்தான் தெரியும். ஆடிட்ல ஜூனியர் பையன் இப்படிப் பண்ணியிருந்தா திட்டியிருப்பேன்.

அதுக்காக பாலியூரித்தேனே வேண்டாம்னு சொல்லலை. செவர்லே மாதிரி 2017-லயே இந்தியாவுல விற்பனையை நிறுத்தின கார் வெச்சிருந்து, பார்ட் தேடி அலையறீங்கன்னா, ரப்பர் தளர்ந்திருக்கு ஆனா கிழியலைன்னா, பண்ணிப் பாருங்க. ரப்பர் இரும்பிலிருந்து பிரிஞ்சிருந்தா ட்யூப் பிரயோஜனம் இல்லை. உள்ளே திரவம் வெச்ச ஹைட்ராலிக் மவுண்டிங் ஒழுகினாலும் அப்படித்தான். விக்கும்போது வாங்கறவர்கிட்ட இதைச் சொல்லிடுங்க. மறைச்சு விக்கறது எனக்கு ஒப்பலை.

பழைய எஸ்டிமேட் கையில இருந்தா புதுசா ஒண்ணு கேளுங்க. காரோட உதிரி பாகங்களுக்கு 28% இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 18%. எஸ்டிமேட்டை மொத்தமா வாங்காம, ஒவ்வொரு பார்ட்டுக்கும் விலை, லேபர் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. எது போயிருக்குன்னு கண்ணால பார்த்துட்டு சரி சொல்லுங்க.

தம்பி இப்ப மாசம் 1,500 கார் செலவுக்குன்னு தனியா ஆர்டி போடறான். நேத்து ஷாக் அப்சார்பருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். முதல்ல பார்ட் விலை கேட்டுட்டு வாடான்னு சொல்லியிருக்கேன்.