அட்டையில் நடிகை; ஆலையில் யார்?

சிகரெட் பாக்கெட்டுக்குள் ஒரு சிறு அட்டை. அதில் நாடக மேடை நடிகையின் படம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்த அமெரிக்க அட்டைகளை இன்று சேகரிப்பவர்கள் ஆசையோடு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதன் மறுபக்கத்தையும் நம் தோழர்கள் அறிய வேண்டும்.

அந்த நாளில் சிகரெட் மெல்லிய காகித உறையில் வந்தது. நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டை எதற்கு, படம் போட்டால் சரக்கு விற்குமே என்று முதலாளிகளுக்கு யோசனை பிறந்தது! 1880களில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் கின்டரும், டர்ஹாம் நகரத்து டியூக் கம்பெனியும் நடிகைகளின் படங்களை வரிசை வரிசையாக வெளியிட்டன. வரிசை பூர்த்தியாக வேண்டுமா? இன்னொரு பாக்கெட் வாங்கு!

சிகரெட்டைச் சுற்றியது யார்? ரிச்மண்ட் ஆலையில் பெரும்பாலும் இளம்பெண்கள். கைதேர்ந்தவர் நிமிஷத்துக்கு நாலு சுற்றலாம். பீடி சுற்றும் தோழர்களுக்கு அந்த வேகத்தின் வலியை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களின் முகத்தைப் போட்டு எந்த முதலாளி அட்டை அடித்தான்?

1884ல் டியூக் ஆலையில் பான்சாக் யந்திரம் ஓடியது. பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்! ஏறக்குறைய ஐம்பது பேரின் வேலை. நியூயார்க்கிலிருந்து ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட கைத்தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். யந்திரத்தோடு நமக்குப் பகை இல்லை. அது யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. மலையாய்க் குவிந்த சரக்கை விற்றாக வேண்டும். நடிகையின் முகம் மேலும் மேலும் தேவைப்பட்டது.

படங்கள் ஆபாசமாக இருக்கின்றன என்று 1894ல் டியூக்கின் தகப்பனாரே மகனுக்குக் கடிதம் எழுதினார். கிழவருக்கு வெட்கம் வந்தது, சரி. படத்திலிருப்பவரின் சம்மதம்? நியூயார்க்கில் அதைக் கேட்கச் சொல்லும் சட்டமே அப்போது இல்லை. தன் படத்தைக் கேட்காமல் மாவு விளம்பரத்துக்கு 25,000 பிரதி அடித்தார்கள் என்று ஓர் இளம்பெண் வழக்குத் தொடுத்தார். 1902ல் உயர்ந்த கோர்ட்டே அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜனங்கள் கொதித்தார்கள், மறு வருஷமே சட்டம் வந்தது.

இதற்கிடையில், 1890ல், போட்டி போட்ட ஐந்து பெரிய கம்பெனிகளும் ஒன்றாகக் கூடி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆகிவிட்டன. போட்டி ஒழிந்தது; அட்டைகளும் குறைந்தன. வாங்குகிறவனுக்கு வேறு கதி இல்லாதபோது படம் எதற்கு? அந்த ஏகபோகத்தை உடைக்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட 1911 வரை ஆயிற்று.

சிதறிக் கிடந்த அட்டைகளைச் சேர்த்துக் காப்பாற்றியவர் கோடீஸ்வரர் அல்ல. சிரக்யூஸ் நகரில் மின்சாதன ஆலையில் வேலை பார்த்த ஜெபர்சன் பர்டிக் என்ற தொழிலாளி. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். மூட்டுவாதம் உடம்பை முடக்கியும், வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்தார். இன்று அந்த மியூசியம் காட்டும் நடிகைகளின் அட்டைகள் அவர் ஒட்டி வைத்தவைதான்.