சோதனையில் பாஸ், கணக்கில் ஃபெயில்

2008-ல் இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே 'போல் ஸ்டார்' கப்பலை ஓடவிட்டு, கரையிலிருந்து வேண்டுமென்றே ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பினார்கள். சுக்கான் அறையில் அலாரம் மேல் அலாரம். கருவிகள் தப்பான இடத்தைக் காட்டின. தரைக் கோபுரங்களிலிருந்து வரும் ஈலோரான் சிக்னல் மட்டும் அசரவில்லை.

அதோடு விட்டார்களா? நிலத்தைக் கடந்து வரும் அலை, கடல்மேல் வருவதைவிடச் சற்று தாமதமாகும். அந்தத் தாமதத்தைத் துறைமுக வாசல்களில் கப்பலோட்டி அளந்து, திருத்தம் போட்டு, பிழையைப் பத்து மீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2014-ல் டோவர் முதலிய துறைமுகங்களில் ஆரம்பகட்ட சேவையே வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, 2015 டிசம்பர் 31-ல் பிரான்ஸும் நார்வேயும் தங்கள் கோபுரங்களை நிறுத்தின. இடம் கணிக்க மூன்று நிலையங்களாவது வேண்டும். பிரிட்டனுக்கு மிஞ்சியது ஆன்தார்ன் ஒன்றுதான். அது நேரம் சொல்லும், இடம் சொல்லாது.

காரணம்? பயன்படுத்த ஆளில்லையாம். 2010-ல் பழைய லோரானை மூடிய அமெரிக்காவோ ஐந்தாண்டில் 19 கோடி டாலர் மிச்சம் என்றது. கட்டாத இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை லாபம் என்று எழுதுகிற கணக்கு இது! (பி.காம். முதலாண்டுப் பரீட்சையில் எழுதினால் முட்டைதான்.)

ஐரோப்பாவில் கோபுரங்கள் நின்று மூன்றே மாதம். கொரியாவில், வடக்கு ஜிபிஎஸ்ஸைக் குழப்ப, தெற்கின் மீன்பிடிப் படகுகள் பாதி வழியில் கரை திரும்பின.