பலகையைத் தேடாதீர்

தேனி, சின்னமனூர், கம்பம் பகுதிப் பள்ளி மைதானங்களில் நீளத் தாண்டல் பயிலும் பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். துள்ளும் கால்களுக்குக் குறைவில்லை, ஓட்டத்திற்குத்தான் கணக்கில்லை. பலகையை நெருங்கியதும் குட்டி அடிகள் வைத்துக் காலைச் சரிசெய்கின்றனர். வந்த வேகம் அங்கேயே மடிந்துவிடுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்து முதலூர் இளைஞர் ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2023 மார்ச் 2 அன்று 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். அவருக்கும் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டரே!

ஆதலால் தம்பி தங்கையரே, தாண்டும் காலைப் பலகையில் வைத்து, மணற்குழிக்கு எதிர்த்திசையில் ஓடுங்கள். பன்னிரண்டாம் அடி விழும் இடத்தில் அடையாளமிட்டு, அக்காலை அங்கே வைத்துப் புறப்படுங்கள். இருமுறை ஓடிப் பார்த்தபின் அடையாளத்தைத் திருத்திக்கொள்ளலாம். கடைசிக்கு முந்தைய அடி சற்றே நீண்டு இடுப்புத் தாழட்டும். இறுதி அடி குறுகட்டும். பார்வை எதிரே இருக்கட்டும். விழுந்தபின் கையைப் பின்னே ஊன்றினால், அளவு அந்தக் கைத்தடம் வரைதான். இப்படிக் கைநழுவிய பரிசுகள் எத்தனையோ!

பெற்றோரே, மணலைக் கொத்தி இளக்காமல் பிள்ளைகளைத் தாண்டவிடாதீர்கள். மழைக்குப்பின் இறுகிய மணல் கணுக்காலைக் கெடுத்துவிடும்.