இறாலைக் கழிப்பவரே முதலாளி

பழவேற்காடு ஏரியில் சேற்றுத் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். வயதாகி முதுகு விழுந்த பிறகு இவர்களுக்கு ஓய்வூதியம் தர வேண்டியது யார்?

அதே இறால் ஏற்றுமதி ஆலைக்குள் போய்விட்டால் பதில் சுலபம். 20 பேராவது வேலை செய்யும் ஆலையில் தோல் உரிப்பவருக்கு, சட்டப்படி பி.எஃப். உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தொழிலாளிதான். அவருக்கான தொகைக்கும் ஆலை முதலாளியே பொறுப்பு. ஏரியில் இறங்குகிற பெண் மட்டும் சட்டத்தின் கண்ணில் 'விற்பனையாளர்'.

விலை சொல்வது ஏஜென்ட். எடை போடுவது ஏஜென்ட். சிறியது, கெட்டது என்று கழித்துப் போடுவதும் ஏஜென்ட். முன்பணம் வாங்கியவர் வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது. இதற்குப் பெயர் வியாபாரமா?

பீடிக் கம்பெனிகளும் இதையேதான் சொல்லின: வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை. 1980களில் பி.எம்.படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரியில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது, ஆகவே கட்டுப்பாடும் அதனிடம்தான் என்று சொல்லி, அவர்களுக்கு பி.எஃப். உண்டு என்றது. பீடிக்கு இலை தருவது கம்பெனி, இறாலைத் தருவது ஏரி என்று வாதிடலாம். ஆனால் கழிக்கும் கை இரண்டிலும் ஒன்றுதான்.

இதில் சாதி எங்கே என்று கேட்பவர்கள் 'பாடு' முறையைப் பார்க்க வேண்டும். ஏரியில் நல்ல வலையிடங்களைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் உரிமை பட்டினவர் ஊர்களுக்கு. தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயரில்லை. இடம் மறுக்கப்பட்டதால் கையால் தடவுகிறார்கள். கையால் தடவுவதால் குறைவாகக் கிடைக்கிறது. குறைவாகக் கிடைப்பதால் முன்பணத்தில் சிக்குகிறார்கள். சாதி தள்ளிவிட்ட இடத்தில்தான் முதலாளியும் காணாமல் போகிறார்.

வழி இல்லாமல் இல்லை. கேரளம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மீன் வியாபாரிகளையும் மீனவர் நல நிதிக்குப் பங்கு கட்ட வைத்தது. தமிழ்நாட்டிலும் 2007 முதல் மீனவர் நல வாரியச் சட்டம் இருக்கிறது. ஏற்றுமதியாளர் இறாலுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒரு பங்கு, பிடித்தவரின் ஓய்வுக்காலக் கணக்கிலும் சேர வேண்டும். பாடு இல்லாதவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் ஏற வேண்டும்.

இறாலைக் கழிக்கத் தெரிந்தவருக்கு, அதைப் பிடித்தவரின் முதுமையைக் கழித்துக்கட்டும் உரிமை கிடையாது.